நாலரை அங்குலச் சரிவு

நான் இடித்த கட்டுமானம் நாலரை அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் கொண்டது. பேனாக்கத்தியால் இடித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. இடித்த இடத்தில் தச்சர்கள் பள்ளம் அடைக்கப் பூசும் மக்கை வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளைத் தூவிப் புல்வெளி ஆக்கினேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் செய்து முடித்த வேலை வேறு கிடையாது. நான் மேற்பார்வை பார்த்த பாலங்களில் விரிசல் கண்டது. நான் கையெழுத்துப் போட்ட கூரைகள் ஒழுகின. அந்தப் புல்வெளியில் மட்டும் யாராலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சிதம்பரத்தில் பொறியியல் படித்துவிட்டுக் கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளனாகச் சேர்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பழியில் பாதியை அதன் தலையில் கட்டிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

நான் பிறந்தது பழைய கடலூரில், உப்பனாற்றங்கரையில் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில். நாற்பது வீடுகள் இருக்கும். அப்பா கடலுக்குப் போவார். கப்பல் வரும் நாட்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே காலமானார். பிறகு என்னைப் படிக்க வைத்தவர்கள் அக்காளும் அவள் புருஷனும். அவரை நான் மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார்.

அலுவலகத்தில் சேர்ந்த அன்று சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். திருப்பாதிரிப்புலியூர் என்றேன். அப்பா என்ன செய்தார் என்றார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து காலமாகிவிட்டார் என்றேன். துறைமுகத்தில் இருந்ததும் காலமானதும் உண்மை. முழுப்பொய் சொல்லவும் துணிச்சல் வேண்டும். அது எனக்கு இல்லை. அதன் பிறகு அந்தக் குமாஸ்தா மகனை நான் மிகுந்த சிரத்தையோடு வளர்த்தேன். மத்தியானம் யாராவது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கருவாட்டு வாசம் வந்தால், முதலில் மூக்கைப் பொத்துகிறவன் நானாக இருந்தேன். குப்பத்துக்குப் போனால் இருட்டிய பிறகு போவேன். போய்வந்து சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைப்பேன்.

அலுவலகத்தின் பின்னறையில் நாலு கண்ணாடிப் பெட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடத்தின் மாதிரி. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ மரத்தாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் செய்து வைத்தது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கு. கலங்கரை விளக்கம் ஒன்று, தூண் வைத்த பங்களா ஒன்று, சத்திரம் ஒன்று, உப்பனாற்றங்கரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த பழைய சரக்குக் கிடங்கு ஒன்று. கரையான் பங்களாவின் ஒரு பக்கத்தைத் தின்றிருந்தது. கிடங்கின் கூரையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

எங்கள் மேலதிகாரிக்கு அந்த வருஷம் அவற்றின் மீது திடீரென்று பாசம் வந்தது. மார்கழித் தரிசனத்தையொட்டிச் சிதம்பரத்தில் ஒரு பொருட்காட்சி நடக்கப் போகிறது, அதில் நம் அலுவலகத்துக்கும் ஒரு கொட்டகை உண்டு, பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவருடைய சொந்த அறையில் மழை பெய்தால் கோப்புகளுக்கு நடுவே வாளி வைக்க வேண்டும். அந்தக் கூரையைச் சரிசெய்ய மூன்று வருஷமாக அவருக்கு நேரம் இல்லை. இரண்டடி நீளக் கிடங்கின் கூரையில் நாலு ஓடு காணவில்லை என்று கேட்டதும் பதறிப்போனார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சிரிப்பு வருகிறது.

பழுது பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நகரத்திலிருந்து ஒரு ஆசாரி வந்து பார்த்தார். "இது பொம்ம வேலைங்க. நான் கதவு நெல செய்யிறவன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அப்போது எங்கள் பியூன், "பழைய டவுன்ல தோணி பழுது பாக்குற ஆளு ஒருத்தரு இருக்காரு சார். கை சுத்தமா இருக்கும்" என்றார். மேலதிகாரி வரச்சொன்னார்.

மறுநாள் காலை கைப்பெட்டியோடு வந்து நின்றவர் என் மாமா.

வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "மச்..." என்று தொடங்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பின்னால வாங்க, சாமான் அங்க இருக்கு" என்று நடந்தேன். கிணற்றடிக்குப் போனதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, நம்ம உறவு இங்க யாருக்கும் தெரிய வேணாம்."

"ஏன், நான் என்னா கொல பண்ணிட்டா வந்திருக்கேன்?"

"அதுக்கில்ல. ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசுவாங்க."

"அவுங்க ஒரு மாதிரி பேசுவாங்களா, நீ ஒரு மாதிரி பேசி வச்சிருக்கியா?"

அவர் கிணற்றுச் சுவரில் கைப்பெட்டியை வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். புதிய கால்சட்டையில் இருந்தேன்.

"சரி வுடு. உன்ன என்னான்னு கூப்புடணும்?"

"சார்னு கூப்புடுங்க."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "எங்க தோணியில அம்மணமா நின்னுகிட்டு ஒண்ணுக்கு வுட்டவன் நீ. உங்க அக்காகிட்ட சொன்னா ராத்திரி முழுக்க சிரிப்பா. சரிங்க சார். உங்க பொம்மைங்கள காட்டுங்க சார்."

அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஒரு தரம்கூடத் தவறவில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வாக்குக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வாரம் பின்வராந்தாவில் உட்கார்ந்து வேலை செய்தார். ஆள் ஒன்றும் அடக்கமானவர் அல்ல. வாய் ஓயாது. தன் கையைப் போலக் கை இந்த ஜில்லாவில் இல்லை என்று பியூனிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். பங்களாவின் ஜன்னல்கள் பழைய மாதிரியில் வெறும் கோடுகளாக இருந்தன. அவற்றைத் திறந்து மூடும்படி செய்துவிட்டு, நான் திட்டியதும், "உள்ள இருக்குறவனுக்குக் காத்து வேணாமா சார்?" என்றார். கட்டுமரத்துக்கு வாங்கும் இலேசான மரத்தின் துண்டுகளைக் கொண்டுவந்து, கரையான் தின்ற சுவர்களைச் செதுக்கி வைத்தார். விரிசலுக்குத் தோணிக்கு அடைக்கிற மாதிரியே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைத்தார். அந்த வாசம் அலுவலகம் முழுக்கப் பரவியது. தலைமைக் குமாஸ்தா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னய்யா, ஆபீஸையே குப்பமாக்கிட்டீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

கடைசியாகக் கிடங்கின் மாதிரியை எடுத்தார். அதன் அடிப்பலகையில் தூசியும் பழைய மெருகும் எலி எச்சமும் சேர்ந்து கருங்கட்டியாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு நாள் ஊறவைத்துத் துடைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கிடங்கின் பின்வாசலிலிருந்து பலகையின் விளிம்புவரை, அதாவது ஆற்றுக்குள் இறங்குகிற மாதிரி, ஒரு சரிவு வெளியே வந்திருந்தது. செங்கல் வரிகளை ஒவ்வொன்றாகக் கீறியிருந்தான் அந்தப் பெயர் தெரியாத மனிதன். இரண்டு ஓரமும் கல் பதித்தது போல வெள்ளைக் கோடு. அளந்தேன். நாலரை அங்குலம். பதினெட்டு அடி.

மாமா சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நம்ம சரிவுடா இது."

அது எனக்குத் தெரியும். இந்த இடத்தில்தான் நான் தெளிவாக எழுத வேண்டும். பார்த்த கணமே தெரியும்.

கிடங்குக்குப் பின்னால் ஆற்றங்கரையில் அந்தச் சரிவு உண்மையிலேயே இருந்தது. சேற்றிலும் மணலிலும் புதைந்து, மேல் வரிசைக் கற்கள் மட்டும் வெளியே தெரியும். எங்கள் குப்பத்துத் தோணிகளையெல்லாம் அதன் வழியாகத்தான் மேலே இழுப்பார்கள். மற்ற இடங்களில் கரை முழங்கால் ஆழச் சேறு. தோணியை இழுக்க முடியாது. ஐப்பசி கார்த்திகையில் காற்றும் வெள்ளமும் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் தோணிகளைக் கிடங்குக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் தோணி இருக்காது. நானே சிறுவயதில் அந்தச் சரிவில் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் அலுவலகம் கிடங்கைப் பழுதுபார்த்து, ஆற்றோரமாக ஒரு மதில் எழுப்பத் திட்டம் போட்டிருந்தது. மதில் அந்தச் சரிவின் குறுக்கே வரும். குப்பத்து ஜனங்கள் மனுக் கொடுத்திருந்தார்கள்: அது கிடங்கோடு சேர்த்துக் கட்டிய தோணித்துறை, எங்கள் தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதில்தான் தோணி ஏற்றுகிறோம், அங்கே மட்டும் ஒரு வழி விட வேண்டும் என்று. அது துறை அல்ல, கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கல், அங்கே தோணி வைப்பது ஆக்கிரமிப்பு என்று அலுவலகம் பதில் எழுதியிருந்தது. பதிலைத் தயார் செய்தது வேறு பிரிவு. அதைப் படித்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பதினெட்டு அடி எதுக்குன்னு இவுங்களுக்குத் தெரியுமா?" என்று மாமா கேட்டார். "ரெண்டு பக்கமும் ஆளு நின்னு தோணிய தூக்கணும்னா அவ்வளவு அகலம் வேணும். வெள்ளக்காரன் ஒண்ணும் நமக்காகக் கட்டல. அவன் சரக்குத் தோணிக்குக் கட்டினான். ஆனா கட்டினான்ல? கட்டடத்தோட சேத்துக் கட்டினான்ல? இதோ அவுங்க பெட்டியிலயே இருக்கு."

அன்று சாயங்காலம் அவர் குப்பத்துக்குப் போய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்தால் அவர் மாமா அல்ல. குப்பத்துத் தலைவரை எங்கள் பக்கம் நாட்டார் என்பார்கள். அவரிடம், "என் கையால கழுவி எடுத்தேன். ஆபீசரு பெட்டியிலயே நம்ம சரிவு இருக்கு. இல்லன்னா என் பேர மாத்திக் கூப்புடுங்க" என்று சொல்லியிருக்கிறார். பொருட்காட்சியில் அதிகாரிகள் எல்லோரும் இருக்கும்போது புதிய மனுவோடு போய் அந்த மாதிரியைக் காட்டுவது என்று ஊர் முடிவு செய்தது.

அடுத்த இரண்டு நாளில் அவர் வேலையை முடித்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாள் காலை மேலதிகாரி பார்வையிட வந்தார். பங்களாவின் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். கிடங்கின் முன்னால் குனிந்தவர், "இது என்ன?" என்றார்.

"சரிவு சார்."

"படத்துல இருக்கா?"

நான் வரைபடத்தை விரித்தேன். கட்டடத்தின் தாள் மட்டும்தான் இருந்தது. சுற்றியுள்ள நிலத்தின் தாளைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. படத்தில் கிடங்கின் சுவரோடு கோடு நின்றுவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு, எழுதாத விதி: படத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை.

"பதினெட்டு அடி அகலம் வருதேய்யா. வாசப்படின்னா படி இல்ல. எதுக்கு இவ்வளவு அகலம்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. "உனக்கு இந்த ஊருதானே. அந்தக் கரைப்பக்கம் எல்லாம் தெரியுமா?"

தோணி இழுக்கிற சரிவு சார் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல மீனவன் வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். அந்த ஊரில் பிறந்த எவனும் சொல்லலாம், ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதெல்லாம் பிறகு யோசித்தது. பொய்யைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறவனுக்கு எந்தக் கேள்வியும் சட்டையைத் தொடுகிற கையாகத்தான் படும். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன்.

"அந்தப் பக்கம் நான் போனதில்ல சார்" என்றேன். "பழுது பாத்த ஆளு தப்பா சேத்திருப்பான். படிப்பில்லாதவன்."

படிப்பில்லாதவன். அந்தச் சொல் தேவையே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. நான் தானமாகக் கொடுத்தேன்.

"அப்ப எடுத்துடு" என்றார். "பின்னால வெறுமையா இருக்கும். புல்லு மாதிரி ஏதாவது போடு. பார்வையா இருக்கும்."

உப்பனாற்றங்கரையில் ஒரு புல் முளைக்காது. உப்பு. அதுவும் எனக்குத் தெரியும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு பேனாக்கத்தியை எடுத்தேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்கு அருகே கொட்டகை போட்டிருந்தார்கள். தரிசன நாள். கோயிலிலிருந்து ஜனம் அலையலையாக வந்துகொண்டிருந்தது. கையில் நீளமான குச்சியோடு நான் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் வந்து, கிடங்கின் மாதிரியை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்ன துல்லியம். அந்தப் புல்வெளிகூட அளவுக்குச் சரியா இருக்கு" என்று என் முதுகில் தட்டினார். இல்லாத புல்லின் அளவு சரியாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது.

பிற்பகல் நாலு மணி வாக்கில் அவர்கள் வந்தார்கள். நாட்டார், மாமா, குப்பத்து ஆட்கள் ஆறேழு பேர். பின்னால் அக்காள், எட்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. எல்லோர் நெற்றியிலும் திருநீறு. கடலூரிலிருந்து காலை ரயிலில் வந்து, தரிசனம் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். மேலதிகாரி வேறு இரண்டு அதிகாரிகளோடு கொட்டகைக்குள் நின்றிருந்தார். நாட்டார் கும்பிட்டு மனுவை நீட்டினார்.

"கல்லு கொட்டினதுன்னு எழுதியிருக்கீங்கய்யா. எங்க வார்த்தைய நீங்க நம்ப வேணாம். உங்க பெட்டியிலயே இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க, போதும்."

மேலதிகாரிக்கு அன்று நல்ல மனநிலை. "வாங்க, பாத்துடுவோம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிடங்கின் பெட்டிக்கு வந்தார். வேடிக்கை பார்க்க இன்னும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். மாமா முன்னால் வந்து, ஒரு கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, "இதோ" என்று கண்ணாடியில் விரலை வைத்தார்.

விரலுக்குக் கீழே பச்சையாக இருந்தது.

"எங்கடா?" என்றார் நாட்டார்.

மாமா குனிந்தார். பெட்டியின் மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்ப வந்தார். "இங்கதான்யா இருந்துச்சு. செங்கல்லு வரி வரியா. நான் கழுவி எடுத்தேன்."

"தரிசனம் பாத்த கண்ணுய்யா, எல்லாம் பிரகாசமாத்தான் தெரியும்" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். சிரிப்பு எழுந்தது. "தோணிய புல்லுல மேய வுடப்போறாங்களாம்" என்றான் இன்னொருவன். மேலதிகாரியும் சிரித்துவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "இந்த சாருக்குத் தெரியும். இவுரு அளந்து பாத்தாரு. நாலரை அங்குலம்னு அவுருதான் சொன்னாரு. கேளுங்க."

மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். அவருக்குச் சரிவு நினைவிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைவிருந்தாலும் அவரிடம் நான் சொல்லி வைத்திருந்தது பழுது பார்த்த ஆளின் தப்பு என்றுதானே. "என்னப்பா, இங்க ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். அழுக்கு இருந்துச்சு. சுத்தம் பண்ணினோம்."

அப்போது அக்காளின் மகள் என்னைக் கண்டுகொண்டாள். "அம்மா, மாமா" என்றாள். அக்காள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். யாரும் கவனிக்கவில்லை. கொட்டகையில் நூறு மாமன்கள் இருந்திருப்பார்கள்.

மாமா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவன் என் மச்சான், எங்க குப்பத்துல பொறந்தவன், அந்தச் சரிவுல தோணி தள்ளினவன் என்று. நாட்டாருக்கும் மற்ற ஆட்களுக்கும் என்னைத் தெரியும். ஆனால் அவர்களிடம் மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம், ஆபீஸ்ல அவனைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, அவன் பொழப்பு கெட்டுடும் என்று. ஏழெட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, என்னைத் தெரியாதவர்களாக நின்றார்கள். நான் உதறிய ஊர் அன்று முழுதாக எனக்குக் காவல் நின்றது.

மாமா கண்ணாடியிலிருந்து விரலை எடுத்தார். விரல் பட்ட இடத்தில் கறை இருந்தது. மேல்துண்டின் நுனியால் அதைத் துடைத்துவிட்டு, "எனக்குத்தான் தப்பாப் பட்டுருக்கும்யா" என்றார். நாட்டார் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் மதில் எழுந்தது. நல்ல மதில், அதில் மட்டும் விரிசல் வரவில்லை.

பொய் சொல்லி ஊரை நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்ததற்காகக் குப்பத்துப் பஞ்சாயத்து மாமாவை விசாரித்தது. கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு என் மேல் சந்தேகம் இருந்தது. மாதிரியில் ஏதோ நடந்திருக்கிறது, உன் மச்சானைக் கூப்பிட்டுக் கேட்போம் என்றிருக்கிறார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வாய் அடங்காமல் பெருமை பேசியது நான், வார்த்தை என்னுடையது என்றார். எங்கள் வழக்கப்படி மாரியம்மன் கோயில் வாசலில், ஊர் உட்கார்ந்திருக்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். எனக்கு இது அக்காள் சொல்லித் தெரியும். கதவருகில் நின்றே சொன்னாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

நான் மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லத்தான் அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். என்ன விஷயம் என்றார். கடற்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உள்நாட்டுப் பக்கம் மாற்றல் கிடைக்குமா என்று கேட்டேன். உடனே எழுதிக் கொடுத்தார். ஆறு வருஷம் மங்கலம்பேட்டை பக்கம் சாலை போட்டேன். கடற்காற்று ஒத்துக்கொள்ளாத மீனவன் மகன்.

மதில் எழுந்த அடுத்த மழைக்காலத்தில், ஒரு பகலில் காற்றும் வெள்ளமும் சேர்ந்து வந்தன. தோணிகளை மதிலைச் சுற்றி வேறு மேட்டுக்குக் கொண்டுபோய் ஏற்ற நேரம் போதவில்லை. ஒன்பது தோணிகள் போயின. மாமாவுடையதும் அதில் ஒன்று. ஆள் சேதம் இல்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பெரிய ஆறுதல்தான். பழுது பார்க்கக் குப்பத்தில் தோணிகளும் குறைந்துபோக, மாமா பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போனார். அவருடைய கையைப் போலக் கை ஜில்லாவில் இல்லை என்பது உண்மை. கரும்புக்கு அது தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் ஆனி மாதம் அக்காளின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் கொண்டு போய், முதல் மாலையைப் போட வேண்டும். அந்த மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடன்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். மாமா மங்கலம்பேட்டைக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கைகளில் கரும்புச் சோகை கிழித்த கீறல்கள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அன்றைக்கு எல்லாவற்றையும் பேசிவிடலாம் என்று நினைத்தேன். "மாமா, அந்தப் பெட்டி விஷயம்..." என்றேன்.

"பஸ்ஸு மூணு மணிக்குங்க" என்று எழுந்துகொண்டார்.

பட்டுப்பாவாடை, வளையல், பழம், வெல்லம், பெரிய ரோஜா மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். குப்பத்துக்குப் பகலில் போவது எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பந்தலில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து, துடைத்து, ஓரமாகப் போட்டார்கள். சீர்த்தட்டுகளை மரியாதையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பெண்ணை மணையில் உட்கார வைத்தார்கள். நான் மாலையோடு எழுந்தேன்.

அக்காள் எதிரே வந்து மாலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எங்கள் சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள். அவன் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். அவன் கூச்சத்தோடு என்னைப் பார்த்தான். பிறகு மாலையை வாங்கிப் பெண்ணின் கழுத்தில் போட்டான். பெண்கள் குலவையிட்டார்கள்.

"அக்கா, நான்தானே போடணும்" என்று மெல்லச் சொன்னேன்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அக்காள். என்னை வளர்த்தவள். கோபமே இல்லாத குரல். "இந்தப் பக்கமெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்ல. சேறு பட்டுடும்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு பெண் கலர் சோடா உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.